பொம்மை குனிவதில்லை

பத்தொன்பது மீட்டர். தொழிற்சாலைத் தரைக்கும் கூரைக் கிரேனின் கேபினுக்கும் இடையே உள்ள உயரம் அது. பயிற்சி அறையில் இருக்கும் கிரேன் நாற்காலிக்கும் தரைக்கும் ஒன்றரை அடி. நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி இந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவே நான்கு மாதம் வாழ்ந்தாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் விசில் அக்கா.

அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் அவள் நின்றது பிரதான வாசலில். லாரிகள் பின்பக்கமாக நகரும்போது விசில் ஊதி வழிகாட்டுவது அவள் வேலை. விட்டு விட்டு ஊதினால் வரலாம், ஒரே நீள ஊதலென்றால் அப்படியே நிற்க வேண்டும். எந்த லாரி ஓட்டுநரும் அவளோடு வாக்குவாதம் செய்து ஜெயித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச் சுவருக்கு ஓரடி தள்ளித்தான் நிற்பாள். கீழே எட்டிப் பார்க்கவே மாட்டாள்.

பெரிய பம்புகளுக்கான இரும்பு வார்ப்புகள் செய்கிற தொழிற்சாலை அது. ஒரு வார்ப்பு ஒரு சின்ன அறை அளவு இருக்கும். அதைத் தூக்கி நகர்த்தக் கூரையோடு ஓடும் ஒரே ஒரு கிரேன். அதை ஓட்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரே மாதத்தில் துறைமுக வேலைக்கு மாறிப் போனார்கள். வேறொரு தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கிய ஓர் ஓட்டுநரை வைத்துச் சில மாதம் சமாளிக்கலாம்; ஆனால் புது ஆட்களுக்கு அந்தக் கிரேனிலேயே கற்றுக்கொடுத்தால் உற்பத்தி நின்றுபோகும். நிர்வாகம் வேறு வழி தேடியது. கார் பந்தய வீடியோ கேம் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தைப் பிடித்தார்கள். அவர்கள் வந்து, தூண் தூணாக, ஆணி ஆணியாகத் தொழிற்சாலையைப் படம் எடுத்துப் போய், அதே கொட்டகையைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக் கொடுத்தார்கள்.

ஒருவர் கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கிரேன் கேபினுக்குள் இருப்பார். இன்னொருவர் இன்னொரு ஹெட்செட்டோடு அறை மூலையில் நின்றால், அதே கொட்டகையின் தரையில் சிக்னல் கொடுக்கிற ஆளாகத் தெரிவார். இருவரும் ஒரே பொய்க்குள் சேர்ந்து வேலை பார்க்கலாம்.

பயிற்சிக்கு ஆறு பேர் எடுத்தார்கள். விசில் அக்காவும் கை தூக்கினாள்.

"உனக்கெதுக்குக்கா இது? உயரம்னாலே நடுங்குவியே," என்றான் அவளுடைய தம்பி. அந்தத் தொழிற்சாலையில்தான் அவனுக்கும் வேலை. வார்ப்புகளுக்குச் சங்கிலி மாட்டிக் கொக்கியில் கோர்த்து, கிரேனுக்குக் கையால் சிக்னல் கொடுப்பவன்.

"நின்னு நின்னு முட்டி ரெண்டும் என்கிட்ட ராஜினாமா கேக்குதுடா. அது உக்காந்து பாக்கிற வேலை."

முதல் நாள் ஹெட்செட்டை மாட்டியதும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். காலுக்குக் கீழே பத்தொன்பது மீட்டர் பள்ளம். பயிற்சியாளர் கேம் நிறுவனத்து ஆள். எல்லோரும் அவரைக் கேம்காரர் என்றார்கள். "மேடம், நீங்க தரைலதான் இருக்கீங்க," என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலால் தரை டைல்ஸைத் தொட்டுக்கொண்டாள். கண் என்ன சொன்னாலும் சரி, விரல் நுனியில் அந்தக் குளிர்ச்சி இருந்தது. பயம் இறங்கிவிட்டது.

இன்னொரு வழியைக் காட்டியவன் ஆறு பேரில் ஒருவனான ரேஸ். ஸ்டோரில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை அடங்காத வேகத்தில் ஓட்டியதால் வந்த பட்டம்.

"அக்கா, லோடு கேபின் பக்கம் வந்ததும் காணாம போகுதா?"

"ஆமா. காலுக்குக் கீழ இருக்கிற தகடு மறைக்குது. அதனாலதான் மார்க் போகுது."

"எட்டிப் பாருங்க."

"முன்னாடி கண்ணாடி இருக்கேடா."

"எங்க இருக்கு? கையை நீட்டித் தொடுங்க பாப்போம்."

நீட்டினாள். காற்றுதான் இருந்தது. தலையை மெல்ல முன்னே கொண்டுபோனாள். கண்ணாடி ஒரு நீர்ப்படலம்போல முகத்தைக் கடந்து போனது. கீழே சுமை, கொக்கி, சிக்னல் ஆள் எல்லாம் தட்டில் வைத்தமாதிரி தெரிந்தன. ஒரு வாரத்தில் ஆறு பேரும் எட்டிப் பார்க்கப் பழகிவிட்டார்கள். திருட்டுத்தனம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் நிறுத்தம் வந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பதில்லையா, அதுமாதிரி. மதிப்பெண்கள் ஏறின. கேம்காரர் நிர்வாகத்துக்கு மகிழ்ச்சியாக அறிக்கை அனுப்பினார்.

அந்தப் பொய்க் கொட்டகையின் தரையில் நின்ற சிக்னல் பொம்மைக்கு மஞ்சள் ஹெல்மெட் உண்டு, முகம் கிடையாது. சுமை இறங்க வேண்டிய இடத்தின் மூலையில் நின்று கையசைக்கும். சுமை இடித்தால் விழும், சிவப்பு விளக்கு எரியும், ஓட்டுபவருக்குப் பத்து மதிப்பெண் போகும். பிறகு பொம்மை எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொள்ளும். யாரோ ரசித்துச் செய்திருந்த அசைவு.

ஒருநாள் பொம்மைக்குள் தம்பி இருந்தான். சுமை ஊசலாடி அவனைச் சாய்த்துவிட்டது.

"அக்கா, என்னைக் கொன்னுட்டியே!" என்று மூலையிலிருந்து கத்தினான்.

"நடிக்காத, எழுந்திரு."

வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தம்பி மனைவி, "இவரைக் கொன்னதுக்கு எவ்வளவு மார்க் போச்சு அண்ணி?" என்று கேட்டாள்.

"பத்து."

"பத்துதானா? என்னங்க, உங்க மதிப்பு இவ்வளவுதானா?"

நான்கு மாத முடிவில் ஆறு பேரும் தேறினார்கள். முதல் இடம் விசில் அக்காவுக்கு.

உண்மையான கேபினுக்கு ஏணியில் ஏறிய அன்று அவள் காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ். கட்டைவிரலுக்கு எதுவும் எட்டவில்லை. வெறும் கொக்கியோடு ஓட்டிப் பழக வேண்டும். சூப்பர்வைசர் பின்னால் நின்றார். கொக்கி கேபினை நோக்கி வந்தது, தகட்டுக்கு அடியில் மறைந்தது. அவள் வழக்கம்போல எட்டிப் பார்த்தாள்.

டொக்.

"கண்ணாடியை நல்லா துடைச்சு வெச்சிருக்காங்க போல," என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

அவளும் சிரித்து வைத்தாள். நெற்றியில் வலி தெரியவில்லை. கண் கொக்கி மறைந்த இடத்திலேயே இருந்தது. கீழே மஞ்சள் ஹெல்மெட்டோடு தம்பி நடந்துகொண்டிருந்தான்; தகட்டுக்கு அடியில் போனான், மறைந்தான், மறுபக்கம் வந்தான். அந்த இடைவெளியில் அவன் எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியாது. நான்கு மாதம் வாங்கிய மதிப்பெண் எல்லாம் கண்ணாடி இல்லாத கேபினில் வாங்கியவை. இந்தக் கிரேனை அவள் ஒருநாளும் ஓட்டியதே இல்லை.

கேன்டீனில் ரேஸ் அவள் நெற்றியைப் பார்த்தான்.

"முட்டிக்கிட்டீங்களா?"

"நீயும்?"

அவன் தலைமுடியை ஒதுக்கிக் காட்டினான். சின்ன வீக்கம்.

"சொல்லிடலாம்டா."

"சொன்னா? நாலு மாசமும் கண்கட்டு வித்தைன்னு ஆறு பேரையும் கிளப்பி விட்டுடுவாங்க. ஸ்டோர்ல என் வண்டிய வேற ஒருத்தன் ஓட்டிக்கிட்டு இருக்கான். நான் எங்க போய் நிக்கறது? கீழ சிக்னல் ஆளு எதுக்கு இருக்கான்? அவன் கையைப் பார்த்து ஓட்டினா போதும்க்கா."

"அந்த ஆளு என் தம்பிடா."

"அப்ப இன்னும் நல்லதுதானே. சொந்த அக்கான்னு ஜாக்கிரதையா நிப்பான்."

மறுநாள் முதல் உண்மையான தூக்கல். பதினொரு டன் வார்ப்பு. அன்றிரவு சாப்பிடும்போது தம்பி உற்சாகமாக இருந்தான். "என் அக்காதான் ஃபர்ஸ்ட்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு மானத்தை வாங்கிடாத."

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "எனக்கு இருக்கிறது ஒரே ஒரு புருஷன். பாத்து இறக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று விசில் அக்கா வாயைத் திறந்தாள். வந்தது ஒரே வார்த்தை. "போதும்." தட்டிலிருந்தது அப்படியே இருக்க எழுந்துவிட்டாள்.

"பயமா அக்கா?"

"பயம் என்னடா பயம். கேபின்ல ஒரே சூடு, பசியில்ல."

காலையில் கேபினுக்குப் போவதற்கு முன் விசிலைக் கழற்றி லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, நெம்புகோலில் சிக்கும். ஏணியில் ஏறும்போது கை தானாக நெஞ்சைத் தடவிப் பார்த்தது.

கீழே தம்பி சங்கிலிகளை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினான். வார்ப்பு தரையை விட்டுக் கிளம்பியது. அந்த எடையைக் கேபின் முழுக்க உணர்ந்தது. பயிற்சி நாற்காலியும் ஆடும், ஆனால் இப்படி முனகாது. மெதுவாக நகர்த்தினாள். இறக்க வேண்டிய வரிசை அவளுடைய கேபினுக்கு நேர் கீழே. அங்கே தரையில் மரக்கட்டைகள் போட்டிருந்தார்கள், அவற்றின் மேல்தான் வார்ப்பு உட்கார வேண்டும். தம்பி மூலைக்குப் போய் நின்றான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல அசைத்தான். இறக்கு.

இறக்கினாள். வார்ப்பின் மேல்விளிம்பு கண்ணாடியின் அடிச்சட்டத்துக்குக் கீழே போய் மறைந்தது. தகட்டின் ஓரத்தில் தம்பியின் ஹெல்மெட் மட்டும் ஒரு மஞ்சள் துண்டாகத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

மூலை காலி.

பொம்மை ஒருபோதும் அந்த மூலையை விட்டு நகர்ந்ததில்லை. சுமை தரையைத் தொடும்வரை அங்கேயே நின்று கையை ஆட்டும். விசில் அக்கா நெம்புகோலிலிருந்து கையை எடுத்தாள். கிரேன் நின்றது.

வாக்கி டாக்கி கரகரத்தது. வார்ப்புக்கு அந்தப் பக்கம் நின்ற சூப்பர்வைசர். "ஏன் நிறுத்தினீங்க? இன்னும் முட்டி உயரம் இருக்கு. இறக்குங்க."

"ஆளைக் காணோம் சார்."

"எந்த ஆளு?"

"சிக்னல்."

"இங்கதான் எங்கயாவது நிப்பான். இறக்குங்க, மெஷின் ஷாப்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். நெற்றி கண்ணாடியில் பதிந்தது, அதற்கு மேல் போகவில்லை. தகடு தெரிந்தது, தகட்டில் காய்ந்துபோன பெயின்ட் கொப்புளங்கள் தெரிந்தன. கை நெஞ்சுக்குப் போய் விசிலைத் தேடியது. கீழே விழுந்தவன் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொள்வதுபோல ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது; அதை நிறுத்த முடியவில்லை.

"கேக்குதா? இறக்குங்கன்னேன்!"

கை நெம்புகோலுக்குப் போனது. பிடித்தது. சொல்பேச்சுக் கேட்டுப் பழகிய கை. அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

மஞ்சள் ஹெல்மெட் வெளியே வந்தது. தம்பி நிமிர்ந்து மேலே பார்த்து, ஹெல்மெட்டை இரண்டு முறை தட்டினான். அப்படி ஒரு சிக்னலை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அடுத்து உள்ளங்கையை அசைத்தான். அது தெரியும். வார்ப்பு கட்டைகள் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கீழே யாரோ கை தட்டினார்கள்.

இறங்கி வந்ததும் அவள் விசிலை எடுக்க லாக்கருக்குப் போனாள். லாக்கர் பக்கத்துக் குழாயில் தம்பி முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"பின்னிட்டக்கா! பழைய ஆளுங்க மாதிரியே நிறுத்தின பாரு. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"என்னத்தை?"

"அதான், கட்டைக்கு நிக்கிறது. இறக்குன்னு முதல் சிக்னல் கொடுத்ததும் நாங்க உள்ள பூந்து கட்டையை உதைச்சு நேராக்குவோம். எப்பவும் ஒண்ணு கோணிக்கிட்டு நிக்கும். மேல இருக்கிற ஆளு முட்டி உயரத்துல நிறுத்திக் காத்திருப்பான். வெளிய வந்து ஹெல்மெட்டைத் தட்டினா மறுபடி இறக்குவான்."

"பயிற்சியில அது இல்லையேடா. பொம்மை குனியவே குனியாதே."

"எப்படி இருக்கும்? தொங்கற லோடுக்கு அடியில போகக் கூடாதுன்னுதானே ரூல். கேம் கம்பெனிக்காரங்க படம் எடுக்க வந்தப்ப எல்லாரும் ரூல்படி விறைப்பா நின்னு காட்டினோம். போறதைக் காட்டினா வேலை போயிடுமே." சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரியாதா அப்போ?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு நிறுத்தின?"

"பயந்துட்டேன்டா. உன்னைக் காணோம். எனக்கு அந்த இடமே தெரியாது. நாலு மாசமா கண்ணாடிக்கு வெளிய தலையை விட்டுத்தான் பாத்தேன், நாங்க ஆறு பேருமே. அந்த ஆளு இறக்குன்னு கத்தினப்ப கை நெம்புகோலுக்குப் போயிடுச்சு. போயிடுச்சுடா."

தம்பி குழாயை மூடினான். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான்.

"இன்னிக்குக் கட்டை சிக்கிக்கிச்சு," என்றான். "காலால வரல. கையை உள்ள விட்டு இழுத்தேன்."

அடுத்து இருவரும் நினைத்தது ஒன்றேதான். அடுத்த தூக்கல் ரேஸுடையது. கீழே நிற்கப்போவது இதே தம்பி.

விசில் அக்கா திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் மறுகோடியில் ரேஸ் ஏணியில் கால் வைத்துக்கொண்டிருந்தான். அத்தனை இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. லாக்கரைத் திறந்து விசிலை எடுத்து ஒரே ஊதல், நீளமாக ஊதினாள். வாசலில் பன்னிரண்டு வருடம் லாரிகளை நிறுத்திய ஊதல். தொழிற்சாலை நின்றது. ரேஸ் முதல் படியில் ஒரு காலோடு அப்படியே நின்றான்.

அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் சூப்பர்வைசரிடம் போனார்கள். அவள் கண்ணாடியைப் பற்றிச் சொன்னாள். அவன் கட்டையைப் பற்றிச் சொன்னான். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. இறக்குங்கள் என்று கத்தியது அவர் குரல்தானே.

ஆறு பேருடைய தேர்ச்சியும் நிறுத்திவைக்கப்பட்டது. தம்பிக்கு எச்சரிக்கை. கட்டைகளை இனி நீளக் கம்பியால்தான் தள்ள வேண்டும் என்று உத்தரவு. ரேஸ் விசில் அக்காவைப் பார்த்தால் வேறு பக்கம் நடக்கிறான். "ஜாக்கிரதையா நிப்பான்னு சொன்னியே, நிக்கலடா," என்று ஒருமுறை அவனை மறித்துச் சொன்னாள். அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான்.

கேம்காரர் கையிலிருந்த ஹெட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலை வெளிய போறது எனக்குத் தெரியும் மேடம்," என்றார் கடைசியில். "கேம்ல இது சின்ன விஷயம். சுவருக்குள்ள தலை போனா விளையாடறவங்க சிரிப்பாங்க. யாரும் குறை சொன்னதில்லை."

இப்போது தலை கண்ணாடியைத் தொட்டால் திரை இருண்டுவிடுகிறது. பொம்மைக்குக் குனியவும் வரும். அதற்காகத் தம்பியைக் கறுப்பு உடுப்பு ஒன்றில் நிறுத்தி, மூட்டுக்கு மூட்டுப் பொட்டுப் பொட்டாகக் கருவிகள் ஒட்டி, கட்டையை உதைக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள்.

"இயல்பா பண்ணுங்க," என்றார் கேம்காரர்.

"இயல்பா பண்ணினதுக்குத்தான் சார் மெமோ கொடுத்திருக்காங்க."

கம்பிதான் உத்தரவு என்றாலும், அவசரத்தில் ஒருவன் குனியத்தான் செய்வான் என்று தம்பியே சொன்னான். அதனால் தேர்வில் பொம்மை ஏதாவது ஒரு தூக்கலில் மூலையை விட்டு உள்ளே போகும். எந்தத் தூக்கலில் என்று கேம்காரர் சொல்ல மறுத்துவிட்டார். விசில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விழுந்தா அது எழுந்திருக்க வேண்டாம்."

எழுந்து பேண்ட்டைத் தட்டும் அசைவை எடுத்துவிட்டார்கள்.

மாற்றிய பொம்மையை முதலில் போட்டுக் காட்டியது அவளுக்குத்தான். மஞ்சள் ஹெல்மெட், முகமில்லை, எல்லாம் பழையபடி. ஆனால் அது நடந்தபோது இடது தோள் கொஞ்சம் தூக்கியிருந்தது. சின்ன வயதிலிருந்து அவள் பின்னாலேயே வந்த நடை. ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பூட்ஸுக்குள் கட்டைவிரல் தரையைத் தேடியது. இப்போது பயிற்சிக்கும் பூட்ஸ் கட்டாயம்.

"ஏன் மேடம், சரியில்லையா?"

"சரியா இருக்கு," என்றாள். "அதான்."

இப்போதைக்கு அவள் பழையபடி வாசலில் நிற்கிறாள். மறுதேர்வு வரும் புதன்கிழமை காலை. நாற்காலியில் முதலில் உட்காரப்போவது அவள்.